கள்ளிவலசையில் காத்திருந்த சாலை

மதிவதனி அந்தச் சாலையை முதன்முதலாகப் பார்த்த அன்று, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டாள். இத்தனைக்கும் அவள் கோயில் வாசலில்கூட யோசித்துத்தான் கழற்றுகிற ஆள். மறுகுடியமர்வுத் துறையில் அதிகாரி. ரோட்டுக்காக வீட்டை இழக்கிறவர்களிடம் போய்ப் பேசி, வேறு இடம் பார்த்துக் கொடுத்து, வயிறார வசவு வாங்கிக்கொண்டு திரும்புகிற உத்தியோகம். ரோடு என்றால் ஜல்லி, தார், புழுதி, கெட்ட பெயர் என்றுதான் அத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியும்.

இந்தச் சாலை வளர்ந்தது. நனைந்த கருங்கல்லின் நிறத்தில், ஆறு லாரிகள் பக்கம்பக்கமாகப் போகிற அகலத்தில், மண்ணையும் சுண்ணாம்பையும் வெயிலையும் தின்றுகொண்டு, ஆடு மேய்கிற வேகத்தில் அது பாட்டுக்கு முன்னால் நகர்ந்தது. பின்னால் இருந்த பகுதி இறுகிக் கெட்டியாகி, மேலே வண்டிகள்கூட ஓட ஆரம்பித்திருந்தன. முகப்பு மட்டும் கேப்பைக் களி போலக் குழைவாக இருக்கும். வெறுங்காலை வைத்தால் இளஞ்சூடு. குனிந்து காதை வைத்தால் உள்ளே ஒரு முனகல் கேட்கும். தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் படுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அன்றைக்கு அவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. டிரைவர்தான் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்.

பெருங்கடல் வளர்ச்சி வங்கி கொடுத்த கடன் அது. அந்த வங்கி கடனைப் பணமாகக் கொடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. சாலையின் விதையைக் கொடுக்கும். குளிரூட்டிய பீப்பாயில் கப்பலேறி வரும். மண்ணும் இடமும் நம்முடையது. வளர்ந்து முடிந்ததும் சுங்கத்தில் வருகிறதில் பெரும்பங்கு வங்கிக்கு. வெளிநாட்டுக் கடன் நிபந்தனை இல்லாமல் வந்ததாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதை அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியதோடு நிறுத்தாமல் சாலைக்குள்ளேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். அது என்னவென்று சித்திரை மாதம் கள்ளிவலசையில் சாலை நின்றபோதுதான் இங்கே பலருக்கும் உறைத்தது.

கள்ளிவலசை ராமநாதபுரத்துக் கரையோரம் ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் கண்மாய், மறு பக்கம் உப்புத் தண்ணீர்க் காயல், நடுவில் கழுத்து மாதிரி ஒரு மேடு, அந்த மேட்டில் நாற்பது சொச்சம் வீடுகள். சாலை கடற்கரை ஊர்களுக்குப் போக வேண்டுமானால் இந்தக் கழுத்து வழியாகத்தான் போகமுடியும். அதனால் மதிவதனி மாசக்கணக்கில் வந்து பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, ஊரையே டவுனுக்குப் பக்கத்தில் கட்டிய புதுக் காலனிக்குக் குடியேற்றியிருந்தாள். எல்லா வீடும் பூட்டியாயிற்று. எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. சாலை வந்தது. முதல் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் போய்விட்டது. அது அசையவில்லை.

ஆடி பிறந்ததும் வங்கியிலிருந்து குவாபெனா வந்தார். கானா நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும், சாலைகளின் வைத்தியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆங்கிலத்தில் பேசுவதைச் சட்டைப் பையிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி தமிழில் சொல்லும். அந்தக் கருவிக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் யாரோ பெரிய புலவராக இருந்திருக்க வேண்டும்.

குவாபெனா முகப்பின் அருகே மண்டியிட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“சாலை நலமாகவே உள்ளது. உண்கிறது. உறங்குகிறது. ஆயினும் முன்செல்ல மறுக்கிறது,” என்றது கருவி.

“ஏன் சார் மறுக்குது? எல்லா வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. காலனியில வீடு வாங்கிட்டாங்க. பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு.”

“சாலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அம்மையீர்.”

மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. குவாபெனா சிரிக்கவில்லை. வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார், கருவி அதன் பாணியில் சொல்லிக்கொண்டே வந்தது:

“முன்னாளில் நாங்கள் பல நாடுகளில் நெடுஞ்சாலைகளுக்குக் கடன் வழங்கினோம். மக்களிடம் கேட்டீர்களா என வினவினால், கேட்டோம் என்று கட்டுக்கட்டாகத் தாள் வரும். பின்னர் நேரில் சென்று பார்த்தால், ஒப்பமிட்டவர்களில் பலர் அதற்கு முன்பே மாண்டவர்களாக இருப்பார்கள். எங்கள் சாலைகளுக்கு அடியில் யாருடைய அடுப்புகள் கிடக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு வெட்கமாயிற்று. இனித் தாளை நம்புவதில்லை என்று முடிவெடுத்தோம். ஆகவே இச்சாலை வளர்வதற்கு ஓராண்டு முன்பே அதன் நரம்புகள் மண்ணுக்கடியில் பரவும். மேலே மாந்தர் பேசுவதைக் கேட்கும். குழந்தையைப் போல அம்மண்ணின் மொழியைக் கற்கும். ஒரு வீட்டார் அவ்வீட்டை விட்டு உண்மையாகவே நீங்கிவிட்டனர் என்று அது அறிந்தால் மட்டுமே அவ்விடத்தில் கால் வைக்கும்.”

“நீங்கிட்டாங்களே சார். நானே கூட நின்னு வேன் ஏத்தி விட்டேன்.”

“அன்று சாலை கேட்டதை நீங்களும் கேளுங்கள்,” என்று அவர் இன்னொரு கருவியைத் தட்டினார்.

முதலில் பூட்டு மாட்டுகிற சத்தம். சாவி விழுகிற சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஒரு ஆணின் குரல், கதவைத் தட்டிக்கொடுத்தபடி: “சரிப்பா, போயிட்டு வாரோம்.” அடுத்த வீடு. “போயிட்டு வாரேன் தாயே, பாத்துக்க.” அடுத்தது. “வாரோம், என்ன?” வீடு வீடாக, வாசல் வாசலாக, கிழவர் குரல், பிள்ளைகள் குரல், அழுகையில் பாதி விழுங்கிய குரல். வாரோம். வாரேன். போயிட்டு வாரோம்.

அன்றைக்கு மதிவதனியும் அங்கேதான் நின்றிருந்தாள். அவள் காதில் இது எதுவும் விழவே இல்லை. காற்றடிக்கிற சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்?

“திரும்பி வருவதாக எல்லோரும் வாக்களித்துச் சென்றுள்ளனர்,” என்றது கருவி. “ஆகவே சாலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது.”

“ஐயோ சார், அது சும்மா!” என்றாள். “கிளம்பும்போது நாங்க அப்படித்தான் சொல்லுவோம். போறேன்னு சொல்லவே கூடாது. சின்னப் பிள்ளை வாய் தவறிச் சொன்னாக்கூட அதட்டி, போயிட்டு வாரேன்னு சொல்லுன்னு திருத்துவோம். போறேன்னா செத்துப் போறதுதான் அர்த்தம். இழவு வீட்டுல இருந்து வரும்போது மட்டும்தான் எதுவும் சொல்லாமக் கிளம்புவோம். மத்தபடி எங்க போனாலும் வாரேன்தான். அது பழக்கம், அவ்வளவுதான்.”

“வெறும் பழக்கம்.”

“ஆமா சார்.”

“அப்படியாயின் எளிது. வீட்டுக்கு ஒருவர் இங்கு வந்து மற்றச் சொல்லைச் சொல்லட்டும். போகிறேன் என்று. வெறும் பழக்கம்தானே.”

மதிவதனி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தன் வீட்டு வாசலில் நின்று தானே அதைச் சொல்வதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

குவாபெனா விடவில்லை. முகப்பு இப்படியே நின்றால் ஆடி முடிவதற்குள் கல்லாகிவிடும் என்றார். அது கல்லானால் அந்த இறுக்கம் பின்னால் பரவி, வளர்ந்த சாலை முழுக்கச் செத்துப்போகும். பிறகு வங்கி கிளம்பிவிடும். வங்கி கிளம்பினால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசாங்கத்தில் பழைய முறைக்கு டெண்டர் தயாராக இருந்தது மதிவதனிக்குத் தெரியும். புல்டோசருக்குக் காது கிடையாது. ஒரே நாளில் நாற்பது வீட்டையும் வாரித் தள்ளிவிட்டுப் போகும்.

மறுநாள் காலனியில் ரேஷன் கடைக்கு முன்னால் கூட்டம் போட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சத்தம் கிளம்பிவிட்டது. அதில் மேலே ஏறி நின்றது பாண்டிச்செல்வியின் குரல். கள்ளிவலசைப் பெண்களில் பேச்சுக்கு அவளைக் கேட்டுத்தான் மற்றவர்கள்.

“வீட்ட விடுன்னீங்க, விட்டோம். இங்க வந்து இந்தத் தீப்பெட்டியில இருன்னீங்க, இருக்கோம். இப்ப என் வாசல்ல நின்னு அந்த வார்த்தையவும் நான் சொல்லணுமா? நீங்க சொல்லுவீங்களா மேடம் உங்க வீட்டுல? உங்க வீட்டுக்காரரு ஆபீசுக்குக் கிளம்பும்போது சொல்லச் சொல்லுங்க பாப்போம்!”

“சொல்ல மாட்டேன்க்கா,” என்றாள் மதிவதனி. வேறு என்ன சொல்வது?

அந்தப் பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கியது. பாண்டிச்செல்வியின் புருஷன் முனீஸ்வரன் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஊரில் எந்தக் கூட்டத்திலும் நக்கலாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள். அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“மேடம், எனக்கு ஒன்னு சரியா வெளங்கணும். அது எதுக்கு நிக்கிது?”

“நீங்க திரும்பி வருவீங்கன்னு நிக்கிதுண்ணே.”

“நாம சொன்னோம்னுதானா?”

“ஆமா.”

“சித்திரையில இருந்து? வேற யாரு சொல்லியும் கேக்காம?”

“கலெக்டர் வந்தார், மந்திரி வந்தார். யார் சொல்லியும் கேக்கலண்ணே.”

முனீஸ்வரன் சுவரை விட்டு முன்னால் வந்தான். “தண்ணி வரும்னு நம்மகிட்டச் சொன்னவங்க உண்டு. பஸ் வரும்னு சொன்னவங்க உண்டு. நாம சொன்னத நம்பி ஒருத்தன் இத்தன நாளு நின்னான்னு நான் இப்பத்தான் கேள்விப்படுறேன்,” என்றான். “அது நமக்காகக் காத்துக்கிட்டே சாகப் போகுதா?”

ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சும்மா பழக்கத்தில் சொன்னோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதை மதிவதனி அப்புறம்தான் நினைத்துப் பார்த்தாள்.

“சரி, வாங்க. போய்ப் பாத்துட்டாவது வருவோம்,” என்றான் முனீஸ்வரன்.

இரண்டு நாள் கழித்துக் காலையிலேயே வேன்களில் எல்லோரும் கள்ளிவலசைக்கு வந்து இறங்கினார்கள். சாலையின் முகப்பைப் பார்த்ததும் நடை தானாக மெதுவாகிவிட்டது. தொடுவானம் வரைக்கும் பரந்து கிடந்த அத்தனை பெரிய உடம்பு, ஒரு ஓட்டு வீட்டுக்கு முன்னால், கூப்பிடாமல் வந்துவிட்ட விருந்தாளி போல ஒதுங்கி நின்றது. ஓரங்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. அது கல்லாகிக்கொண்டிருப்பதன் அறிகுறி. முனகல் மெலிந்திருந்தது. ஒரு பெண் குனிந்து தொட்டுப் பார்த்து, “காச்சக்காரப் பிள்ளை மாதிரி கெடக்குதே,” என்றாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எல்லோரும் அவரவர் வீட்டைத் திறந்தார்கள். உள்ளே போனார்கள். பெண்கள் விளக்குமாற்றைத் தேடி எடுத்து வாசலைப் பெருக்கினார்கள். ஒருவர் ஓடு சரிந்திருக்கிறது என்று ஏறிச் சரிசெய்தார். வந்த காரியம் என்ன, இவர்கள் செய்கிற காரியம் என்ன! மதிவதனி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, கதவைப் பார்த்து, தொண்டையைச் செருமி, “நாங்க…” என்று ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் வரவில்லை. பூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர்களை அறியாமலே வாயில் வந்துவிட்டது:

“வாரோம்ப்பா.”

குவாபெனாவின் கருவி கடமை தவறாமல் அறிவித்தது: “வாக்குறுதி புதுப்பிக்கப்பட்டுள்ளது.”

“அத வாய மூடச் சொல்லுங்க சார்!” என்று மதிவதனி கத்திவிட்டாள்.

முனீஸ்வரனின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. கள்ளிவலசைக்கு ஒரே தெருதான். இரண்டு பக்கமும் வீடுகள், தெரு போய் முட்டுகிற இடத்தில் அவன் வீடு குறுக்கே உட்கார்ந்திருந்தது. தெருக்குத்து வீடு. அப்படிப்பட்ட வீடு ஆகாது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம். அவனுக்குக் கை ஒடிந்தபோதும், லாரி கவிழ்ந்தபோதும் வீட்டைத்தான் சொன்னார்கள். அவனும் அதை வைத்தே ஆயிரம் நக்கல் அடித்திருக்கிறான்.

பாண்டிச்செல்வி பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்புறம் வந்து எடுத்துப் போகலாம் என்று விட்டுவைத்த பழைய பாத்திரங்கள். முனீஸ்வரன் வாசலில் நின்றான். மதிவதனி பக்கத்தில் வந்ததும் மெதுவாகச் சொன்னான்:

“கெட்ட வார்த்தைக்கு என் வீடு ஒன்னும் புதுசில்ல மேடம். மத்தவங்க வீட்டுல அது வேணாம்.”

“அண்ணே, ஒரு வீடு மட்டும் சொன்னா பத்தாதே. எல்லாரும் சொன்னாத்தான் வழி.”

“தெரியும். யாராச்சும் ஆரம்பிக்கணும்ல.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மதிவதனி சொல்லவில்லை. அவளுக்குச் சாலை சாகக் கூடாது. அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் மனசில் இருந்தது; அதற்காக அவள் பிற்பாடு நிறையத் தூக்கத்தை இழந்திருக்கிறாள்.

முனீஸ்வரன் நிலைக்கதவில் கையை வைத்தான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“நான் போறேன்.”

ஊரின் மறு முனையிலிருந்து வந்துகொண்டிருந்த முனகல் சட்டென்று நின்றது. அது எத்தனை பெரிய சத்தமாக இருந்தது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. கண்மாயில் கொக்குகள் ஒரே சமயத்தில் எழும்பின. அந்த அமைதியில் பாத்திரம் கீழே விழுகிற ஓசை கேட்டது, பாண்டிச்செல்வி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

“யாரக் கேட்டுய்யா சொன்ன? யாரக் கேட்டுச் சொன்ன?” என்று அவன் நெஞ்சில் குத்தினாள். அவன் தடுக்காமல் வாங்கிக்கொண்டான்.

அப்போது சாலை அசைந்தது.

“ஓடுங்க! எல்லாரும் கண்மாய்க் கரைக்கு ஓடுங்க!” என்று மதிவதனி கத்தினாள். கரையில் ஏறி நின்று அவர்கள் பார்த்தது, பார்த்தவர்கள் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சரிபார்த்துக்கொள்கிற காட்சி.

ஆறு வழி அகலமாக வந்த அந்த உடம்பு முதல் வீட்டின் முன்னால் ஒடுங்கத் தொடங்கியது. இரண்டு ஓரமும் உள்வாங்கின. பந்தியில் சாப்பிடுகிறவர்களின் இலையில் பட்டுவிடாமல் வேட்டியை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான் அது தெருவுக்குள் வந்தது. அகலம் பாதியாகி, அதிலும் பாதியாகி, ஒரு லாரி போகிற தடமாகிவிட்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. இத்தனை சிறிதாவது அதற்கு வலித்திருக்க வேண்டும் என்று மதிவதனிக்குத் தோன்றியது. இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் நடுவே, பொதுத் தெருவில் மட்டும், யார் வாசற்படியையும் உரசாமல் அது நகர்ந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் யாரோ மறந்து வைத்த தண்ணீர்ச் செம்பு இருந்தது. சாலை அதை ஒட்டியே போயிற்று. செம்பில் தண்ணீர் தளும்பவில்லை.

சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குவாபெனா வாயைத் திறந்தபடி நின்றார். மதிவதனிக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. இவ்வளவு பெரியது இவ்வளவு அடக்கமாக நடக்கும் என்று அவள் வாழ்க்கையில் அதுவரை கண்டதில்லை.

மதியம் திரும்புகிற நேரத்தில் சாலை தெருவின் கடைசிக்கு வந்தது. அங்கே முனீஸ்வரனின் வீடு. அதன் முன்னால் அது ஒரு நிமிஷம் தயங்கியது. ஏதாவது கேட்கிறதா என்று பார்த்தது போலிருந்தது.

முனீஸ்வரன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சாலை வாசற்படியில் ஏறியது. இடித்துத் தள்ளவில்லை, நிலையும் சுவரும் அதற்குள் மெல்ல அமிழ்ந்தன. ஓடுகள் ஒவ்வொன்றாக அதன் முதுகில் இறங்கிக் கரைந்தன. பாண்டிச்செல்வி கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் இருந்த இடம், குழாயடி, துளசி, எல்லாம் போயிற்று. அந்தப் பக்கம் வெட்டவெளியில் இறங்கியதும் அது மூச்சு விட்டது போலப் பழைய அகலத்துக்கு விரிந்து கடற்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்துச் சாம்பல் நிறம் மறைந்திருந்தது.

“நாங்கள் இதனைக் கற்பிக்கவில்லை,” என்றது கருவி. அதற்கும் குரல் கம்மினாற்போல மதிவதனிக்குப் பட்டது. குவாபெனாவின் முகம் நனைந்திருந்தது. “ஆறு வழி என்று மட்டுமே கற்பித்தோம். சிறிதாகலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வருவேன் என்றவர்களின் வீடுகளை விட்டுவிட்டது. போகிறேன் என்றவரின் வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. எல்லோரையும் நம்பிவிட்டது, அம்மையீர். எல்லோரையும்.”

பிறகு அவர் அவளைத் தனியே அழைத்துப் போய் இன்னொன்றும் சொன்னார். முனீஸ்வரன் இனிமேல் தவறிக்கூட அந்தப் பழைய சொல்லைச் சொல்லக் கூடாது. திரும்பி வருகிறேன் என்று அவன் குரலில் கேட்டால், சாலை அந்த இடத்தில் தான் தப்புச் செய்துவிட்டதாக நினைக்கும். பின்னால் போகவும் முடியாமல் முன்னால் போகவும் முடியாமல் அங்கேயே இறுகிச் செத்துவிடும். அதன் நரம்பு இப்போது ஜில்லா முழுக்க ஓடுகிறது. அவனோ தினமும் அதன் மேல்தான் லாரி ஓட்ட வேண்டும்.

“எத்தனை காலத்துக்கு சார்?”

“சாலை இருக்கும் வரை.”

அதை முனீஸ்வரனிடம் சொல்லுகிற வேலையும் மதிவதனிக்குத்தான் வாய்த்தது. கேட்டுவிட்டு அவன், “வாயக் கட்டுறது நமக்குக் கஷ்டம்தான்,” என்று சிரித்தான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் யாரிடமும் பேசவே இல்லை என்று கேள்விப்பட்டாள்.

வங்கியின் அறிக்கையில் கள்ளிவலசை ஒரு குறைபாடு என்று பதிவாகியிருக்கிறது. ஆறு வழிச் சாலையில் ஒரு ஊசித் துளை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் எல்லாம் வரிசை கட்டி, ஒவ்வொன்றாக, ஆடு மேய்கிற வேகத்தில்தான் அந்தத் தெருவைக் கடக்க வேண்டும். அகலப்படுத்த என்னென்னமோ செய்து பார்த்தார்கள். சாலை அசைந்து கொடுக்கவில்லை. வாசலில் சொன்னபடியே, ஐப்பசி மழைக்குள் கள்ளிவலசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். வீடு அப்படியே இருக்கும்போது காலனியில் என்ன வேலை? வாசலில் நின்று போகிற லாரிக்காரர்களுக்கு டீயும் அவித்த பயறும் பனங்கிழங்கும் விற்றார்கள். முனீஸ்வரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டுக் கொட்டகை இருந்த இடத்தைக் கொடுத்தார். அதில் ஆளாளுக்கு ஒரு கை மண் எடுத்துப் போட்டு இரண்டு அறை கட்டிக் கொடுத்தார்கள். யாரும் அதை உதவி என்று சொல்லவில்லை, அவனும் நன்றி என்று சொல்லவில்லை.

தை மாதம் ஒரு காலையில் மதிவதனி அங்கே போனாள். அதற்கு முன் இரண்டு முறை கிளம்பிப் பாதியில் திரும்பியிருக்கிறாள். பாண்டிச்செல்வி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு டீ கொடுத்தாள். வெளியே லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கால் வைத்த இடத்தில் தரைக்கு அடியில் அந்த முனகல் சன்னமாகக் கேட்டது.

முனீஸ்வரன் லாரிக்குக் கிளம்பினான். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் நிற்கிற நிற்பு அது. மதிவதனியால் அதைப் பார்க்க முடியவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, நான் அன்னிக்குத் தடுத்திருக்கணும்,” என்றாள். “அண்ணன் தினமும் இப்படித்தான் கிளம்புறாரா?”

“தினமும்தான்,” என்றாள் பாண்டிச்செல்வி. “மொத நாளு நான் தூக்குப் போட்டுக்கலாம்னே இருந்தேன் மேடம். ஒரு ஆம்பள வாயத் தொறக்காம வாசலத் தாண்டுனா, உள்ள இருக்கவ என்னன்னு இருப்பா? அப்புறமா யோசிச்சேன். அந்த வார்த்தைய இவரு ரோட்டுகிட்டதான் சொன்னாரு. எங்கிட்டச் சொல்லலயே.”

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். புருஷனுக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி, குரலை உயர்த்தினாள்:

“ஏங்க! சாயங்காலம் வரும்போது கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க. மறந்துட்டு வெறுங்கையோட வந்து நின்னீங்க, பாத்துக்கங்க!”

முனீஸ்வரன் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். நேற்று கறிவேப்பிலை, முந்தாநாள் தீப்பெட்டி என்று மதிவதனியிடம் சொல்லிச் சிரித்தாள் பாண்டிச்செல்வி. இவள் வீட்டில் வெங்காயம் மூட்டையாகக் கிடப்பதை மதிவதனி அடுப்படியில் பார்த்திருந்தாள். அவன் லாரியில் ஏறி, வரிசையில் சேர்ந்து, தன் பழைய வீட்டின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

காலுக்கடியில் சாலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கு வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.